பழைய கம்ப்யூட்டரின் வேகத்தைக் கூட்டியது

முதலில் ஒரு மன்னிப்பு. எழுதத் தெரிந்தவர்கள் எழுதவேண்டிய இடத்தில் நான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். இதுவரை நான் எழுதியதெல்லாம் கல்யாண வீடியோவின் தொடக்கத்தில் வரும் மணமக்கள் பெயரும், கடைசியில் வரும் நன்றியும்தான். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. எழுதும்போது எதிரே யாரும் இல்லாததால் கொஞ்சம் தைரியம் வருகிறது. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் செய்கிற வேலைக்கு எங்கள் பக்கம் மிக்சிங் என்று பெயர். ஸ்டுடியோக்காரர்கள் கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று எடுத்துவருவதை வெட்டி ஒட்டி, நிறம் சரிசெய்து, பாட்டு சேர்த்துக் கொடுக்க வேண்டும். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் கம்ப்யூட்டர் இருக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு ஒரு ஸ்டுடியோவில் இந்த வேலையைப் பழகினேன். பிறகு வீட்டிலிருந்தே செய்தேன். யாரையும் பார்க்கவேண்டாம் என்பது இந்த வேலையில் எனக்குப் பிடித்தது. மணமக்களின் சொந்தக்காரர்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். அவர்களில் ஒருவருக்கும் என்னைத் தெரியாது.

எனக்கு வேலை கொடுப்பவர் ஒரே ஒருவர்தான், இரண்டு தெரு தள்ளி ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணாச்சி. அவர் புதுக் கேமரா வாங்கினார். அதில் எடுத்த படம் பழையதைவிட நாலு மடங்கு பெரியது. முதல் கல்யாணத்தை என் கம்ப்யூட்டரில் போட்டபோது, மாப்பிள்ளை மண்டபத்துக்குள் ஒரு காலை எடுத்து வைத்தார். அடுத்த காலை வைக்கவில்லை. படம் அப்படியே நின்றது. கொஞ்சம் கழித்து அவர் மணமேடையில் இருந்தார்.

அண்ணாச்சி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, ஒங்கிட்ட மறைக்கதுக்கு என்ன இருக்கு. மதுரைல ஒருத்தன் இருக்கான். புதுக் கேமரால எடுத்தத இன்னைக்குக் குடுத்தா நாலு நாள்ல முடிச்சுத் தாரேங்கான். ஒம் பெட்டி இத இழுக்குமா, இழுக்காதா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "இழுக்கும் அண்ணாச்சி" என்றேன்.

"இழுக்கும்னா சரி. மாப்பிள்ளை துபாய்க்கு வண்டி ஏறதுக்குள்ள கைல குடுக்கணும். அவங்க அம்மா ஒரே பிடியா நிக்காவ. இத முடிச்சுத் தந்துட்டன்னா எல்லாக் கல்யாணமும் இங்கனதான். இல்லன்னா மதுரைக்குப் போயிரும். பெறவு என்னைய வையக் கூடாது, கேட்டியா."

அவர் கெட்டவர் இல்லை. உள்ளதைச் சொன்னார். அந்த ஒரு கல்யாணத்தை நம்பித்தான் என் வேலை இருந்தது. புதுக் கம்ப்யூட்டர் வாங்குகிற நிலையில் வீடு இல்லை. என் கணவர் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். அதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

ஓவர்கிளாக்கிங் என்ற சொல்லை நான் வீடியோக்களில்தான் கேள்விப்பட்டேன். பேசியவர்கள் இங்கிலீஷிலோ இந்தியிலோ பேசினார்கள். எனக்கு இரண்டும் சரியாக வராது. அவர்கள் கையையும் திரையையும் பார்த்துப் புரிந்துகொண்டேன். கம்ப்யூட்டருக்குள் கணக்குப் போடும் சில்லுக்கு, அதாவது பிராசஸருக்கு, செய்தவர்கள் ஒரு வேகம் வைத்து அனுப்புகிறார்கள். அதற்கு மேலும் அதனால் ஓட முடியும். எங்கள் ஊர் மினி பஸ்ஸில் இத்தனை பேர் என்று எழுதியிருக்கும். ஏறுகிறவர்கள் அதைப் பார்த்து ஏறுவதில்லை. பஸ்ஸும் போகத்தான் செய்யும். மேட்டில் முனகும், சூடாகும். இதுவும் அதே மாதிரிதான். எல்லாச் சில்லும் இதற்கு இடம் கொடுக்காது. பெயரின் கடைசியில் கே என்ற எழுத்து இருந்தால்தான் கொடுக்கும் என்றார்கள். என்னுடையதில் அந்த எழுத்து இருந்தது. பல வருடங்களுக்கு முன்பு இதை விற்றவர் எதற்காக அதைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார் என்று தெரியவில்லை.

ஸ்குரூ டிரைவரை எடுத்ததும் கணவர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன, பெட்டியத் தொறக்கப் போறியா?"

"ஆமா."

"கரண்ட் அடிச்சு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா, ஸ்டுடியோக்காரரு மாலையோட வருவாரு. வந்தவரு சும்மா இருக்க மாட்டாரு, வீடியோவும் எடுப்பாரு. அத யாரு மிக்சிங் பண்ணுவா?"

"மதுரைல ஒருத்தர் இருக்காராம்" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு மோர் ஊற்றிக்கொண்டார்.

கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போது டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் நீலமும் சாம்பலுமாக ஒரு பக்கம் வரும். அதில் ஒரு பெருக்கல் எண் இருக்கிறது, அதைக் கூட்டினால் பிராசஸரின் வேகம் கூடும். என்னுடையதில் முப்பத்துநாலு. அதை முப்பத்தெட்டு ஆக்கினேன். மாற்றுவதற்கு முன்பும் பின்பும் திரையை செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். பிறகு சோதனை செய்யும் ஒரு புரோகிராமை ஓடவிட்டேன். பிராசஸரை மூச்சுவிடாமல் கணக்குப் போடவைப்பது மட்டும்தான் அதன் வேலை. கொஞ்ச நேரத்தில் சூடு சிவப்பு எழுத்துக்குப் போய்விட்டது. வீடியோக்களில் இந்த வேகத்துக்கு அவ்வளவு சூடு யாருக்கும் ஏறவில்லை. திருநெல்வேலி வெயில் என்று முதலில் நினைத்தேன். பிறகு திறந்து பார்த்தேன்.

பிராசஸரின் மேல் உள்ள அலுமினியத் தகடுகளுக்கு நடுவில் தூசி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். தூசியும் இருந்தது. ஆனால் அது பழுப்பு நிறத்தில், பிசினாக, தகடோடு தகடாக ஒட்டியிருந்தது. விரலில் எடுத்து முகர்ந்தேன். சாம்பிராணி.

என் மாமியார் செவ்வாயும் வெள்ளியும் வீடு முழுக்க சாம்பிராணி போடுவார்கள். சாமி படத்துக்குக் காட்டிய பிறகு கம்ப்யூட்டருக்கும் காட்டுவார்கள். வீட்டுக்குச் சோறு போடுகிற பெட்டி என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டுவார்கள். காற்றாடி புகையை உள்ளே இழுக்கும். அவர்கள் அதைப் பார்த்து, "எப்படி இழுக்கு பாத்தியா, சாமி ஏத்துக்கிடுது" என்பார்கள். பல வருடங்களாக அந்தப் பெட்டி அதை ஏற்றுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பழைய பல் பிரஷ்ஷாலும் ஸ்பிரிட்டாலும் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சர்வீஸ் கடையில் வாங்கிய, சூட்டைக் கடத்தும் வெள்ளைப் பசையைப் பிராசஸரின் மேல் தடவி, தகடுகளை மறுபடியும் மாட்டினேன். சூடு நன்றாக இறங்கியது. பெருக்கல் எண்ணை ஒவ்வொன்றாக ஏற்றினேன். நாற்பத்துமூன்றில் திரை நீலமாகி நின்றது. நாற்பத்திரண்டில் நிற்காமல் ஓடியது. அங்கேயே விட்டுவிட்டேன்.

மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சாம்பிராணிக் கரண்டியோடு அவர்கள் வருவதற்கு முன்பே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டேன். காற்றாடி சுற்றவில்லை. புகை பெட்டியைத் தாண்டிப் போனது.

"என்னட்டி, இன்னைக்கு இழுக்க மாட்டேங்கு?"

"இன்னைக்கு அதுக்கு லீவு அத்தை."

"லீவுன்னா கும்பிடக்கூட வேண்டாமாக்கும்" என்று சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் போனார்கள்.

பிராசஸர் வேகமானதும் படம் முன்புபோல் நிற்கவில்லை. ஆனாலும் நிறம் மாற்றினாலோ, மெதுவாக ஓடும்படி செய்தாலோ திக்கியது. அதைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. இந்தக் கார்டு, மூடிவிட்ட ஒரு கேம் சென்டரிலிருந்து வந்தது. கிரிக்கெட்டும் துப்பாக்கிச் சண்டையும் விளையாடி ஓய்ந்த கார்டு. அதன் வேகத்தைக் கூட்ட பெட்டியைத் திறக்கவே வேண்டாம். திரையில் ரேடியோ திருகு மாதிரி சில கோடுகள் வரும். இழுத்துவிட்டால் போதும். முதல் கோட்டைக் கொஞ்சம் இழுத்ததுமே திரை அணைந்து மறுபடி வந்தது. அதைப் பின்னால் தள்ளினேன். அடுத்தது கார்டில் உள்ள மெமரியின் வேகம். அது இழுக்க இழுக்க வந்தது. எங்கும் நிற்கவில்லை. நிற்காதவரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்தேன். பிராசஸர் எனக்கு அப்படித்தான் பழக்கியிருந்தது. முடியாவிட்டால் முடியாது என்று அது நீலத் திரையில் சொல்லிவிடும்.

மாப்பிள்ளை ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பையன். பெண் அம்பாசமுத்திரம். மாப்பிள்ளை துபாயிலிருந்து கல்யாணத்துக்காக வந்து, மறுபடி தனியாகப் போகிறார். பெண் மாமியாரோடு இருக்கப்போகிறாள். அந்த வீடியோவோடு நான் இருந்த நாட்களில் அவர்கள் வீட்டுக் காரியம் எல்லாம் எனக்குப் புரிந்துவிட்டது. பெரியப்பாவுக்கும் தாய்மாமனுக்கும் பேச்சு இல்லை. ஒருவர் படத்துக்குள் வந்தால் மற்றவர் நகர்ந்துவிடுவார். பெண் மூன்று தடவை அழுதாள். மூன்றிலும் கேமரா உடனே வேறு பக்கம் திரும்பிவிட்டது. நானும் அவற்றைச் சேர்க்கவில்லை.

தாலி கட்டும் இடத்தில் அண்ணாச்சி எப்போதும் ஒன்றைக் கேட்பார். படம் மெதுவாக ஓட வேண்டும், நிறம் பொன்னாக வேண்டும், ஓரத்தில் வெளிச்சம் மினுங்க வேண்டும். எல்லாவற்றையும் போட்டேன். கார்டு திக்காமல் செய்தது. கிளம்பும் நாளுக்கு முதல் நாள் முழுப் படத்தையும் ஒரே பைலாக மாற்ற விட்டேன். கிளம்பும் நாள் காலையில் அது தயாராக இருந்தது. வேன் சாயங்காலம் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் புறப்படும், மத்தியானம் வந்து பென் டிரைவை வாங்கிக்கொள்கிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருந்தார்.

முடித்த வீடியோவை முதலில் பார்ப்பவர் என் மாமியார். எல்லாக் கல்யாணத்தையும் அவர்கள் பார்த்திருக்கிறார்கள். வெற்றிலையோடு நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டிவியில் போட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த கணவரும் கட்டிலில் சாய்ந்துகொண்டு பார்த்தார்.

கெட்டிமேளம் வந்தது. மாப்பிள்ளை குனிந்தார். திரை முழுவதும் மஞ்சளும் வெள்ளையுமாகச் சிதறியது.

"அட்சதை நல்லா விழுந்திருக்கு" என்றார்கள் மாமியார். "சிலரு கைல வச்சுக்கிட்டே நிப்பாவ, போட மாட்டாவ. இவுக அள்ளிப் போட்டிருக்காவ."

எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. மஞ்சள் அரிசி, நடுவில் உதிரிப்பூ. இத்தனை அட்சதையை வெட்டும்போது பார்த்த ஞாபகம் இல்லை. ஆனாலும் அழகாக இருந்ததால் விட்டுவிட்டேன். படம் ஓடியது. மாலை மாற்றினார்கள். மேடையைச் சுற்றி வந்தார்கள். பந்தி வந்தது. பரிமாறுகிறவர் பாயசம் ஊற்றினார். பெரியப்பா அப்பளத்தை நொறுக்கினார். அவருடைய வழுக்கைத் தலையில் மஞ்சளாக நாலைந்து விழுந்தன.

மாமியார் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார்கள்.

"என்னட்டி இது, சாப்பிடுத எடத்துல வந்தும் அட்சதை போடுதானுவ?"

கணவர் எழுந்து உட்கார்ந்தார். "இங்கன மொய் எழுதுதாவ பாரு, அங்கனயும் விழுது."

நான் வீடியோவை நிறுத்தி, ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். உண்மையான அரிசி விழும்போது கோடாக இழுபடும். இவை இழுபடவில்லை. ஒரு படத்தில் இருந்தன, அடுத்ததில் இல்லை. ஓரங்கள் சதுரமாக இருந்தன. கேமராவிலிருந்து வந்த மூலத்தில் தேடினேன். அங்கே பெரியப்பாவின் தலை சுத்தமாக இருந்தது. கார்டின் மெமரி அளவுக்கு மேல் ஓடி, வழியில் சிதறவிட்டவை அவை. தாலி கட்டும் இடத்தில் உண்மை அட்சதையும் விழுந்திருந்தது. அதில் எது விழுந்தது, எது விழாதது என்று பிரிக்க முடியவில்லை.

"இதுக்குப் போய் ஏன் இப்படி இருக்க?" என்றார் கணவர். "பாதிப் பேருக்கு மேல அட்சதைன்னு விட்டிருவாவ. பந்தில விழுந்தத மட்டும் வெட்டிரு."

"அதான நல்லது. கல்யாண வீட்ல எங்க விழுந்தா என்ன" என்றார்கள் மாமியார்.

அவர்கள் சொன்னதை நானும் யோசித்தேன். அண்ணாச்சி கவனிக்கமாட்டார். அவர் தொடக்கத்தில் தன் ஸ்டுடியோ பெயர் வருகிறதா என்று மட்டும் பார்ப்பார். நேரத்துக்குக் கொடுத்தால் வேலை எனக்கு. கொடுக்காவிட்டால் மதுரைக்கு. ஆனால் துபாயில் உட்கார்ந்து அந்தப் பையன் இதைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். பத்தாவது தடவையில் யாருக்கும் தெரிந்துவிடும். கார்டின் கோடுகளை எல்லாம் பழைய இடத்துக்குத் தள்ளினேன். பிராசஸரை நாற்பத்திரண்டிலேயே விட்டேன். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். திரையில் காட்டிய நேரத்தைப் பார்த்தால் வேன் புறப்பட்ட பிறகுதான் முடியும்.

அண்ணாச்சிக்கு நானாக போன் செய்தது அதுதான் முதல் தடவை. அதுவரை அவர் பேசுவார், நான் சரி என்பேன்.

"அண்ணாச்சி, மத்தியானம் முடியாது. படத்துல புள்ளி விழுந்திருக்கு. மறுபடி ஓடுது."

"புள்ளியா? என்ன புள்ளி?"

"அட்சதை மாதிரி."

"அட்சதை மாதிரின்னா அட்சதைன்னு குடுத்திரு."

"பந்திலயும் விழுது அண்ணாச்சி."



"நான் மதுரைக்காரன்கிட்டயே குடுத்திருக்கணும். என் புத்தி கெட்டுப்போயி ஒங்கிட்ட குடுத்தேன். அவங்க அம்மாவுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"வேன் இந்த வழியாத்தான போவும். பைபாஸ்ல வச்சுக் குடுத்திருதேன்."

"யாரு வந்து குடுப்பா?"

கணவர் அதற்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். "நான்தான்" என்றேன்.

பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்தேன். அதுவரை அது மாமியாரின் பக்கம் இருந்தது. "எனக்குக் காத்து வேண்டாமாட்டி" என்றார்கள். சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்து, பெட்டிக்கும் விசிறிக்கும் ஓரமாகப் போட்டு உட்கார்ந்தார்கள். நான் அறையைவிட்டு நகரவில்லை. செய்வதற்கும் ஒன்றும் இல்லை. பச்சைக் கோடு பைய நகர்ந்தது. சூடு சிவப்புக்கு வரவில்லை. முடிந்ததும் தாலி கட்டும் இடத்தையும் பந்தியையும் மட்டும் ஓடவிட்டுப் பார்த்தேன். தாலி கட்டும்போது கொஞ்சம் அரிசிதான் விழுந்தது. இரண்டு பேர் போட்டார்கள். மற்றவர்கள் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஆட்டோ பிடித்துப் போனேன். பைபாஸில் ஒரு டீக்கடை ஓரம் வேன் நின்றது. அண்ணாச்சி அதன் முன்னால் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேனுக்குள் இருந்தவர்கள் எல்லாரையும் எனக்குத் தெரிந்தது. பெரியப்பா முன்சீட்டில். தாய்மாமன் கடைசி சீட்டில். பெண் ஜன்னல் ஓரத்தில், மாப்பிள்ளை அவள் பக்கத்தில். அவர்கள் என்னை டீக்கடைக்கு வந்தவள் என்று நினைத்துப் பார்த்தார்கள். பென் டிரைவை அண்ணாச்சியின் கையில் வைத்துவிட்டுத் திரும்பினேன். அவர் அதை வேனுக்குள் நீட்டிவிட்டு, "நில்லு, அவங்க கேக்காவ" என்றார்.

மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் கண்ணாடியை நகர்த்தியிருந்தார்.

"நீதானா அது? நான் யாரோ ஆம்பளன்னுலா நெனச்சேன்."

நான் தலையாட்டினேன்.

"தாலி கட்டுதது நல்லா வந்திருக்கா? அன்னைக்கு எல்லாரும் எந்திரிச்சு நின்னு மறைச்சிட்டாவ. பெத்தவ நான், நானே பாக்கல. கொட்டுச் சத்தம்தான் கேட்டேன்."

"நல்லா வந்திருக்கும்மா."

"தெளிவா?"

"தெளிவா."

"சரி. போற வழில இவன் போன்ல போட்டுப் பாத்துக்கிடுதேன்" என்றார். டிரைவர் வண்டியை எடுத்தார்.

அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேன் போவதைப் பார்த்தார்.  இனிமேல் வேலை எனக்கா, மதுரைக்கா என்று நான் கேட்கவில்லை. "டீ குடிக்கியா?" என்றார். வேண்டாம் என்றேன். அவர் மட்டும் குடித்தார். ஆட்டோ காத்திருந்ததால் நான் வந்துவிட்டேன்.

மறுநாள் எங்கள் பகுதியில் மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் இல்லை. காலையில் அண்ணாச்சி வந்து, புதுக் கேமராவில் எடுத்த இன்னொரு கல்யாணத்தின் ஹார்ட் டிஸ்க்கை மேசையில் வைத்துவிட்டு, அவசரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கரண்ட் சாயங்காலம் வந்தது.